உளுந்தங்களி கட்டி தட்டாமல் இருக்க

காலையில் உளுந்தங்களி கிண்டுவதாக இருந்தால், கருப்பட்டியை முந்தின நாள் இரவே தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்துவிடுங்கள். காலையில் அந்த ஆறின கரைசலிலேயே களி மாவைக் கரைத்து, அப்புறம் அடுப்பில் ஏற்றுங்கள். மாவு 1 பங்கு என்றால் கரைசல் சுமார் 3 பங்கு.

மாவு கொதிக்கிற தண்ணீரில் விழுந்தால் வெளிப்பக்கம் சட்டென்று வெந்து பசையாகி, உள்ளே ஈரம் போகாமல் அடைத்துவிடும், கட்டி அதுதான். ஆறின கரைசலில் மாவு முழுக்க நனைந்துவிடுவதால், சூடு ஏற ஏற ஒரே சீராக வேகும். காலையில் கருப்பட்டி கரையக் காத்திருக்கும் நேரமும் மிச்சம். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் வடிகட்டாமல் விடாதீர்கள், மண் இருக்கும்.

நல்லெண்ணெய் மட்டும் கடைசியில், களி சுருண்டு வரும்போது. அதில் சிக்கனம் பார்த்தால் களி தொண்டையில் இறங்காது!

உளுந்தை ஊறவைத்து அரைத்துக் கிண்டுகிறவர்களுக்கு இது தேவையில்லை. அந்த மாவு ஏற்கெனவே நனைந்ததுதான். கரைசலை வெளியே இரண்டு மூன்று நாள் வைக்கவும் கூடாது, நீர்த்த கருப்பட்டி புளித்துவிடும்.