பர்மா நடையில் பழைய காதல்: செட்டிநாட்டுக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பிறந்து, பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். 1942-இல் அந்த வழியில் பழைய காதலர்கள் மறுபடி சந்திப்பதாக யார் எழுதினாலும் ஆசையாகத்தான் கையில் எடுப்பேன். சில இடங்களில் மனம் விட்டுப்போகிறது.

முதலில் கோயில். நகரத்தாரில், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களில், ஒன்பது கோயில் பிரிவுகள் உண்டு. நாயகன் பிள்ளையார்பட்டி, நாயகி இரணியூர் என்று யோசிக்காமல் எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு கோயிலாரும் பங்காளிகள்; கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஊரார் கண்ணுக்கு அவர்கள் அண்ணன் தங்கை. அப்புறம் காதலை எப்படி ரசிப்பது?

அவள் ரங்கூனில் ஏன் இருக்கிறாள் என்பதையும் சொல்லுங்கள். ஆண்கள்தான் வட்டித் தொழிலுக்காகத் தனியாகக் கப்பலேறி, கணக்கு முடித்துத் திரும்பினார்கள். ஆச்சிமார், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்கள், பெரும்பாலும் ஊரில் வீட்டு வளவிலேயே இருந்தார்கள். குடும்பத்தோடு போனவர்கள் குறைவு என்பதால் அவளுக்கென்று ஒரு காரணம் வேண்டும்.

வழியையும் சரிபாருங்கள். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. அதன்பின் அங்கே கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்க முடியாது. புரோம் நகரிலிருந்து தௌங்குப் கணவாய் வழியே பர்மாவின் மேற்கிலுள்ள அரக்கான் கடற்கரைக்குப் போனார்கள். எல்லை ஊரான தமு வழியே இம்பாலுக்கும் நடந்தார்கள். வெள்ளையருக்கு நல்ல வழி, நமக்கு மோசமான வழி என்ற குமுறல் அப்போதே எழுந்தது. வழியில் மிகுதியாக உயிரைக் குடித்தது காலராவும் மலேரியாவும். புலியைக் கொண்டுவந்து பயமுறுத்த வேண்டாம். ஒரு குடம் கலங்கல் தண்ணீர் போதும்.

எனக்கு அதிகம் வலிப்பது பிரிவுக்குச் சொல்லும் காரணம். ஒளித்துவைத்த கடிதம், கோள்மூட்டிய அத்தை. உட்கார்ந்து பேசினால் ஒரு ராத்திரியில் தீரும் சங்கதிக்கு இத்தனை மைல் எதற்கு? உண்மையான காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1930-இல் அரிசி விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. 1930-களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. ஆனால் பெட்டியில் ரொக்கம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பையன், பேசிவைத்த பெண்ணை விட்டு ரொக்கம் வரும் இடத்தில் கட்டிக்கொண்டான் என்று வையுங்கள். இப்போது அதே நிலப் பத்திரங்களை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து மலையேறுகிறான். எதற்காக அவளை விட்டானோ அது அவனோடேயே நடந்து வருகிறது. அவளுடைய அம்மாவால் இனி நடக்க முடியாது என்னும்போது அந்த மூட்டையை என்ன செய்வான்? கதை அங்கேதான் இருக்கிறது.

காய்ச்சலில் விழுந்தவனுக்கு அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டதும் எல்லாம் மன்னிப்பாகிவிடுவதாக எழுதாதீர்கள். அவள் இழந்தது பத்து வருஷம்.

பேச்சிலும் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் அவளை ‘நீ’ என்றவன், இன்று அவள் இன்னொரு வீட்டு ஆச்சி என்பதால் ‘நீங்க’ என்றுதான் தொடங்குவான். கணவாய் ஏற்றத்தில் அவள் கால் இடறும்போது, அவனையும் அறியாமல் ஒருமுறை ‘நீ’ வரட்டும். அவள் அதற்குப் பதில் சொல்ல வேண்டாம். திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே நடக்கட்டும்.