பணியாளர், கூட்டாளர் சலுகையில் புதிய வாகனம் வாங்குவது எப்படி

வாகனத் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமே இச்சலுகை உண்டு என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்நிறுவனத்தோடு தொழில் உறவுள்ள பிற நிறுவனங்களின் ஊழியர்களும், ஓய்வு பெற்றவர்களும், பல திட்டங்களில் அவர்களுடைய குடும்பத்தினரும்கூட இதைப் பெறலாம். அமெரிக்காவில் ஃபோர்டு தன் பணியாளருக்கு ஏ-பிளான் என்றும் கூட்டாளர் நிறுவன ஊழியருக்கு எக்ஸ்-பிளான் என்றும் வகுத்திருப்பது ஓர் எடுத்துக்காட்டு.

முதலில் உங்கள் மனிதவளத் துறையிடம் தகுதியை உறுதிசெய்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் பதிவுசெய்து, அங்கீகாரக் குறியீட்டைப் பெறுங்கள். பணிச் சான்றையும் கையில் வைத்திருங்கள்.

இத்திட்டங்களில் விலை பெரும்பாலும் முன்பே நிர்ணயிக்கப்படுவதால் பேரம் பேசும் தொல்லை இல்லை. ஆனால் அதுவே மிகக் குறைந்த விலை என்று நம்பிவிடக் கூடாது, ஏனெனில் விற்காமல் தேங்கிக் கிடக்கும் மாடலைச் சாதாரண வாடிக்கையாளர் அதைவிட மலிவாகவே வாங்கிவிடுவதுண்டு. ஆகவே வேறொரு விற்பனையகத்தில், சலுகையைப் பற்றி மூச்சுவிடாமல், எழுத்துப்பூர்வமாக ஒரு விலையைக் கேட்டு வாங்கி, வரி, பதிவு, ஆவணக் கட்டணம், கூடுதல் உபகரணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். பழைய வாகனத்தின் மதிப்பும் கடன் வட்டியும் பொதுவாகச் சலுகைக்கு வெளியே நிற்பவை. விலையில் விட்டதை விற்பனையாளர் அங்கேதான் பிடிக்கப் பார்ப்பார். வாங்கிய வாகனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பதையும் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.