மரக்கைபோ: ஓர் ஏரித் துறைமுகத்தின் வரலாற்றையும் பொருளாதாரத்தையும் படிக்கும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் பொருளியலோ வரலாறோ பயிலும் மாணவர்கள் அயல்நாட்டு நகரம் ஒன்றைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பினால், வெனிசுவேலாவின் மரக்கைபோவை எடுத்துக்கொள்ளலாம். காப்பி, பெட்ரோலியம் ஆகிய இரு சரக்குகளும், ஏரியின் வாயில் படிந்து கிடந்த மணல்திட்டும் அந்நகரின் போக்கைத் தீர்மானித்தன. இம்மூன்றையும் விடாமல் பின்தொடர்வதே அதைப் படிக்கும் வழி.

ஆண்டுகளைத் தொகுப்பதற்கு முன் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். தெற்கே ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியையும், வடக்கே அது குறுகிச் செல்லும் நீரிணையையும், நீரிணையின் மேற்குக் கரையில் நகரத்தையும், அதற்கப்பால் வெனிசுவேலா வளைகுடாவையும் குறியுங்கள். வளைகுடாவுக்குள் நீர் நுழையும் இடத்தில் மணல்திட்டைச் சிவப்பு மையில் வரையுங்கள். நீரில் ஆழமாக அமிழும் கப்பல்களால் அதைக் கடக்க முடியவில்லை என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தென்மேற்கிலிருந்து வரும் கத்ததும்போ ஆறும், கிழக்குக் கரையில் கபிமாஸ் ஊரும் விடுபடக் கூடாது.

அடுத்து, ஒவ்வொரு நிகழ்வையும் அந்தச் சிவப்புக் கோட்டோடு பொருத்திப் பாருங்கள். 1529-இல் ஜெர்மானியரான அம்பிரோசியஸ் எஹிங்கர் தொடங்கிய குடியிருப்பு நிலைக்கவில்லை. 1574-இல்தான் நகரம் உறுதியாக வேரூன்றியது. 1669-இல் ஹென்றி மோர்கன் என்ற கொள்ளைத் தலைவன் ஏரிக்குள் புகுந்து சூறையாடித் திரும்பியபோது, மூன்று ஸ்பானியப் போர்க்கப்பல்கள் வாயை மறித்து நின்றன. அவன் ஒரு கப்பலில் வெடிமருந்தையும் தாரையும் நிரப்பி, மரக்கட்டைகளுக்குத் தொப்பி அணிவித்து மாலுமிகள் போல நிறுத்தி, அதை எதிரியின் தலைமைக் கப்பல்மீது மோதவிட்டுக் கொளுத்தினான். வாய் குறுகலாக இருந்ததால்தான் அப்படியொரு பொறியில் அவன் சிக்கினான் என்பதை ஆய்வேட்டில் தெளிவாகச் சொல்லுங்கள். விடுதலைப் படை ஸ்பெயினின் கடற்படையை முறியடித்த 1823 ஜூலை 24-ஆம் நாள் போரும் இதே நீரில்தான் நடந்தது.

பின்னர் காப்பியைத் தொடருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் தாச்சிரா, மேரிதா, திருஹியோ மலைப்பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் கொலம்பியாவின் கூக்குத்தா வட்டாரத்திலும் விளைந்த காப்பி, கோவேறு கழுதைகளிலும் ஆற்றுப் படகுகளிலும் ஏரிக்கு வந்து, மரக்கைபோவில் கைமாறி, வெளிநாடு சென்றது. விளைந்த ஊரில் அல்லாமல் சரக்கு கைமாறிய ஊரில் ஏன் செல்வம் சேர்ந்தது, விவசாயிக்குக் கடன் கொடுத்த ஜெர்மானிய வணிக நிறுவனங்களுக்கு விலையில் எவ்வளவு பிடி இருந்தது என்ற கேள்விகளுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கலாம். ஆய்வேட்டின் உயிர்ப்பகுதி இதுவே என்பது என் கருத்து.

பெட்ரோலியத்துக்கு வரும்போது அலகுகளை மாற்றிக் காட்டுங்கள். 1922 டிசம்பர் 14 அன்று கபிமாஸ் அருகே பரோசோ-2 கிணறு பீறிட்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 பீப்பாய் வீதம் ஒன்பது நாட்கள் வரை எண்ணெயைக் கொட்டியது. ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர் என்பதால், இது நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கும் மேல். நான்கே ஆண்டுகளில், 1926-இல், காப்பியைப் பின்தள்ளி எண்ணெய் நாட்டின் முதன்மை ஏற்றுமதியானது. ஆனால் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் மணல்திட்டைத் தாண்ட இயலாததால், நீரில் அதிகம் அமிழாத சிறு கப்பல்களே எண்ணெயைக் குராசோ, அரூபா தீவுகளுக்குக் கொண்டுசென்றன. மாபெரும் சுத்திகரிப்பு ஆலைகள் அங்கே எழுந்தன. எண்ணெய் ஓரிடத்தில் கிடைக்க, ஆலை வேலைவாய்ப்பு வேறு நாட்டின் ஆட்சியிலிருந்த தீவுகளுக்குப் போனதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

1950-களில் மணல்திட்டின் ஊடாகச் செல்லும் கப்பல் கால்வாய் ஆழமாக்கப்பட்டபின் பெரிய கப்பல்கள் உள்ளே வந்தன. உப்புநீரும் கூடுதலாக வந்தது. ஏரியின் அடிநீரில் உப்பு ஏறி, ஆக்சிஜன் குன்றியது. பழைய குழாய்களிலிருந்து எண்ணெயும் கசிகிறது. சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் அறிந்த நம் மாணவர்கள், ஏற்றுமதி வருவாய்க் கணக்கில் நீரின் இழப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். மீனவர் வாழ்வை ஒரு பத்தியில் முடித்துவிடாதீர்கள்.

1962-இல் ரஃபேல் உர்தநேத்தா பாலம் திறக்கப்பட்டு இரு கரைகளும் இணைந்ததையும், 1976-இல் எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையானதையும் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். அண்மைக்கால வீழ்ச்சியில் விலைச் சரிவையும் உற்பத்திச் சரிவையும் தனித்தனி வரைகோடுகளாகப் போடுங்கள். விலை மீண்டபோதும் உற்பத்தி மீளவில்லை என்பது அப்போதுதான் தெரியும். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் மாத அறிக்கையில் அரசு தெரிவிக்கும் உற்பத்தி ஓர் அட்டவணையிலும், பிற அமைப்புகளின் மதிப்பீடு மற்றோர் அட்டவணையிலும் இருக்கும். எதை எடுத்தீர்கள் என்பதை ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே குறிப்பிடுங்கள்.