புதிதாகக் கட்டிய எஞ்சின்: நீலப் புகை நின்ற விதம்

பழைய 1.5 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின்; பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும் பேரிங்கும் புதிது. முதல் 500 கிலோமீட்டரும் கோலாலம்பூர் ஈப்போ சாலை நெரிசலில், முழு சிந்தெட்டிக் ஆயிலோடு, பொத்திப் பொத்தி ஓட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் நீலப் புகை; அதாவது ஆயில் எரிகிறது.

கெடுத்தது அப்படிப் பொத்தி ஓட்டியதுதான். சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து (ஹோன் செய்து) போட்ட குறுக்குக் கோடுகள் கூர்மையாக இருக்கும்போதே ரிங் அந்தச் சுவரில் தேய்ந்து படிய வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் நுழையும் எரிந்த வாயுவின் அழுத்தம். சுமை இல்லையேல் அழுத்தமும் இல்லை; ஆயில் சுவரில் வெந்து கண்ணாடிபோல் பூசிக்கொள்ளும். அதன்பின் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் சரியாகாது. மறுபடி ஹோன் செய்து, ரிங் மாற்றினேன்.

இம்முறை 20டபிள்யூ-50 மினரல் ஆயில். பிளக்கைக் கழற்றி, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இணைப்பைத் துண்டித்து, ஆயில் அழுத்தம் வந்து ஆயில் விளக்கு அணையும்வரை 10 வினாடி 10 வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடக்கூடாது. 2,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,000 சுற்று) 20 நிமிடம். கசிவு, சூடு இரண்டையும் கவனித்து, ஆறியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன்.

பிறகு கோலாலம்பூரிலிருந்து மலையேறும் காராக் நெடுஞ்சாலை. கோம்பாக் டோல் தாண்டிய ஏற்றம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். இடது தடத்தில், பின்னால் வண்டி இல்லாதபோது, மூன்றாம் கியரில் முக்கால் மிதியில் 2,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, காலை முழுதாக எடுத்து, பிரேக் தொடாமல் ஆர்பிஎம் தானே இறங்க விட வேண்டும். காலை எடுக்கும்போது உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை மேலிழுத்து உலோகத் தூளைக் கழுவும். பத்து முறை போதும்.

100 கிலோமீட்டரில் மீண்டும் ஆயில், ஃபில்டர். வடித்த ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு பரவாயில்லை, உலோகச் செதில் வந்தால் ஓட்டாதீர்கள். 1,000 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நீண்ட தூரம் வேண்டாம். புகை 300 கிலோமீட்டருக்குள் நின்றது.