சர்ப்ரைஸ் என்று சொல்லிக் கெடுத்த பயணம்

ஜனவரி பிறந்தால் போதும், அலுவலகத்தில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். காதலர் தினத்துக்கு வாட்ச், சட்டை என்று வாங்காமல் நானும் கணவரும் எங்காவது போய்வருவது அவர்களுக்குத் தெரியும். போன வாரம் ஒருத்தி, “அக்கா, ஊட்டி மலை ரயில்ல டிக்கெட் போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது, சர்ப்ரைஸ்!” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தொப்பி எடுத்துப் போங்கள், ஜன்னலோரம் பிடியுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பயணத்தைப் பரிசாகக் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சர்ப்ரைஸ் வைப்பது

கல்யாணமான இரண்டாம் வருடம் நானும் இதையேதான் செய்தேன். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் ரயிலில் இரண்டு இடம், ஊட்டியில் இரண்டு இரவுக்கு அறை. முழுப் பணமும் கட்டியாயிற்று. அவர் இயற்பியல் ஆசிரியர். பிப்ரவரி என்றால் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. எனக்குத் தெரியாதா? தெரியும். இரண்டு நாள் லீவு கிடைக்காமலா போகும் என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் டிக்கெட்டை நீட்டியபோது அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. யாரிடம் கெஞ்சலாம் என்ற கணக்குதான் ஓடியது.

கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பற்றிக்கொள்ள, எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, குன்னூர் வரை சைக்கிள் வேகம்தான். ஊட்டி வரைக்கும் மொத்தம் 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பேசிக்கொண்டு போக இதைவிட நல்ல வண்டி கிடையாது. அவரும் பேசினார், ஃபோனில். தன் டியூட்டியை ஏற்றுக்கொண்ட சக ஆசிரியருக்கு ஆய்வகத்தில் எந்த மீட்டர் பிரிட்ஜ் கருவி மக்கர் செய்யும் என்று விளக்கிக்கொண்டே வந்தார். சுரங்கத்துக்குள் சிக்னல் போகும். வெளியே வந்ததும் மறுபடி ‘ஹலோ’. பாதையில் 16 சுரங்கங்கள். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் டீ குடித்தார்கள். இவர் சிக்னல் தேடிப் பிளாட்பாரக் கோடிக்குப் போய்விட்டார்.

கோபம் எனக்குத்தான் வந்தது. இவ்வளவு செய்தும் ரசிக்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மறுநாளே திரும்பினோம். இரண்டாம் இரவுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, என் மேல். வாட்சை டப்பாவில் போட்டுக் கொடுப்பதுபோல ஊட்டியைச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். வாட்சாவது பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுகிற நாலு சாயங்காலம் இருக்கிறதே, பயணத்தில் பாதி அதுதான். அதை நான் ஒருத்தியே தின்றுவிட்டேன்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். பிப்ரவரி 14க்குப் போக வேண்டுமானால் டிசம்பர் முதல் வாரத்திலேயே வீட்டில் பேச்சை எடுங்கள். எதையாவது மறைத்தே ஆக வேண்டுமா? சரி, ராத்திரி எங்கே சாப்பிடப் போகிறோம் என்பதை மட்டும் மறையுங்கள்.

அவர் பையை நீங்கள் அடுக்குவது

ஆறு சட்டை வைத்தேன், ஸ்வெட்டர் வைக்கவில்லை. 2,200 மீட்டர் உயரத்தில், பிப்ரவரி ராத்திரியில்! சாலையோரக் கடையில் கிடைத்ததை வாங்கினோம். பழுப்பு நிறம், கை நீளம். இன்னும் போடுகிறார்.

ஒரே நாளில் ஏழு இடம்

தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம், பைக்காரா என்று ஓடினால் நன்றாகப் பார்ப்பது கார் கண்ணாடியை மட்டும்தான். இரண்டு இடம் போதும்.

பயணத்தோடு ஒரு மோதிரமும்

வேண்டாம்.

காரில் போகிறவர்கள் இ-பாஸை மறப்பது

நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு அது. மறந்தால் சோதனைச் சாவடியில் நின்று, யார் எடுத்திருக்க வேண்டும் என்று சண்டை வரும்.

அப்புறம், அந்தப் பெண்ணை அன்றைக்கே வீட்டில் சொல்லச் சொன்னேன். மறுநாள் வந்து, “14ஆம் தேதி அவருக்கு நைட் ஷிஃப்டாம் அக்கா” என்றாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். மார்ச்சில் பிச்சாவரமாம், இடம் அவர் சொன்னது. வெயில் ஏறுவதற்குள் படகுத்துறைக்குப் போய்த் துடுப்புப் படகாகக் கேட்கச் சொன்னேன். சுரபுன்னை (மாங்குரோவ்) காட்டுக்கு நடுவே போகும் குறுகலான கால்வாய்களுக்குள் மோட்டார் படகு நுழையாது.