கப்பெல்யாடெஸுக்கு ஒரு நாள்: பாறை ஒதுக்கிடமும் கடதாசி ஆலையும்

வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலைக் கூழாக்கியது. பார்சலோனாவுக்குப் பக்கத்திலுள்ள கப்பெல்யாடெஸ் என்ற கத்தலான் சிற்றூர் கந்தைத் துணியைக் கூழாக்கியது. சுவிஸிலோ பிரான்ஸிலோ உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிற மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் ஸ்பெயினுக்கும் இறங்கினால் இதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம்.

சுவிஸ், பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றுக்கும் ஷெங்கன் விசா ஒன்றே போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமென்றால் முதலில் கால்வைக்கும் நாடு. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக இருக்க வேண்டும். சுவிஸுக்கு மட்டும் எடுத்தது சரிவராது.

பார்சலோனாவில் பிளாசா எஸ்பான்யா நிலையத்தில் இகுவலாடா போகும் ஆர் 6 ரயிலில் ஏறுங்கள். காலையில் அங்கே நிற்கிற கூட்டத்தில் பாதி மொன்செராத் மலைக்குப் போவது. அவர்கள் பின்னால் போனால் மன்ரேசா போகும் வேறு ரயிலில்தான் இருப்பீர்கள். அப்படி நடந்தால் மார்தொரெல் என்லாஸ் நிலையத்தில் இறங்கி மாறலாம், அதற்கு அப்பால்தான் பாதை பிரிகிறது. நகருக்குள் ஓடும் முதலாம் வலய டிக்கட் இவ்வளவு தூரத்துக்குச் செல்லாது. ஊரின் பெயரைத் தெரிவுசெய்து வாங்கி, இறங்கும்வரை வைத்திருங்கள்.

அப்ரிக் ரொமானி என்ற பாறை ஒதுக்கிடம், கடதாசி அருங்காட்சியகம் இரண்டுக்கும் முன்பதிவு செய்து, மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளிவிடுங்கள். முதலில் அப்ரிக் ரொமானி. அது குகையல்ல, மலைச்சுவரின் அடியில் உள்ள ஒதுக்கிடம். 1909இல் அமதோர் ரொமானி கண்டுபிடித்தார். 40,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவு அடுக்குகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன; பெரும்பாலானவை நியண்டர்தால் மனிதருடையவை. கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்புதான் ஊற்றுநீரிலிருந்து படிந்து அவர்களின் அடுப்புகளை மூடிவிட்டது. மரக்கட்டை உக்கிப் போனாலும் அதன் அச்சு கல்லில் நிற்கிறது. அதைக் காட்டச்சொல்லிக் கேளுங்கள். ஆகஸ்டில் போனால் தோண்டிக்கொண்டிருப்பவர்களையும் காணலாம்.

அடுத்தது ஊர்க் குளமான பாசா. ஊற்றுநீர் அதில் தேங்கி, சரிவிலே ஆலை ஆலையாக இறங்கிச் சக்கரங்களைச் சுற்றியது. குளத்தருகே உள்ள 18ஆம் நூற்றாண்டு ஆலையே இப்போது கடதாசி அருங்காட்சியகம். உள்ளே போகுமுன் கட்டடத்தை நிமிர்ந்து பாருங்கள்: மேல்மாடி முழுக்க வரிசையாக ஜன்னல்கள். தாள்களைக் காற்றில் தொங்கவிட்டு உலர்த்திய இடம் அது. துணி இடித்ததும் கூழ் அள்ளியதும் கீழ்த்தளத்தில். அங்கே தரை ஈரமாக இருக்கும், செருப்பு வழுக்கும்.

தாள் செய்துபார்க்க இடம் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். சல்லடைச் சட்டத்தைச் செங்குத்தாகக் கூழில் இறக்கி, மட்டமாக்கி, நேரே தூக்குங்கள். தண்ணீர் வடியுமுன் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் இலேசாக ஆட்டவேண்டும். பிந்தி ஆட்டினால் நார் திரண்டு கட்டிகட்டியாகிவிடும். கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் வட்டமாக மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஈரத்தாளைச் சுருட்டக்கூடாது. இரண்டு பழைய துணிகளுக்கிடையில் வைத்து மட்டமான அட்டையோடு கட்டிக்கொண்டு, இரவில் துணியை மாற்றிப் பாரம் வையுங்கள்.

சாப்பாட்டுக் கடையில் 'மெனு தெல் தியா' கேட்டால் இரண்டு கறிவகையும் இனிப்பும் வரும். காய்கறிச் சாப்பாட்டிலும் சிலவேளை பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். காத்தான்குடி, கல்முனையிலிருந்து போகிறவர்கள் ஓடர் கொடுக்கும்போதே 'சென்ஸ போர்க்' (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள். தக்காளி தேய்த்த பாணும் சுட்ட கத்தரிக்காயும் எங்கேயும் கிடைக்கும், ஆனால் கத்தரிக்காயின் மேல் சிலவேளை நெத்தலி இருக்கும்.