ஒரு தர்ஜினி மட்டும் போதாது: வலைப்பந்து அணியைக் கிண்ணம் வரை கொண்டுபோவது எப்படி

பாடசாலையில் வலைப்பந்து பழக்குகிற யாரிடம் பேசினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார்கள்: "எங்களுக்கு ஒரு தர்ஜினி கிடைத்தால் கிண்ணம் எங்களுக்குத்தான்." சரி, இலங்கை அணிக்குக் கோல் போட்ட உயரமான ஷூட்டர், யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கத்தின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். 2018 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இலங்கை 69-50 என்று சிங்கப்பூரை வென்றது. 2009க்குப் பிறகு வந்த கிண்ணம் அது. அடுத்த வருடம் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதே தர்ஜினி 348 கோல் போட்டு மொத்தத் தொடரிலும் முதலாவதாக நின்றார், ஆனால் அணி 16 நாடுகளில் 15ஆவது இடம். ஷூட்டர் அதே ஆள்தான். மிச்சம் ஆறு பேரையும் எப்படித் தயார் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விதியை மனதில் வையுங்கள். மைதானம் மூன்று பகுதி, ஒரு முழுப் பகுதியை யாரும் தொடாமல் பந்து தாண்டக் கூடாது. அதனால் நம்முடைய கோலைக் காக்கிற கீப்பர் பந்தைப் பிடித்து நேராக உயரமான பிள்ளையின் கைக்கு எறிகிற கதை நடக்காது, நடுவில் ஆடுகிற சென்டரோ, ஷூட்டருக்குப் பந்து கொண்டுபோகிற விங் அட்டாக்கோ வாங்கித்தான் ஆக வேண்டும், அவர்களுக்கோ கையில் மூன்று செக்கன்தான். பயிற்சி நேரத்தில் பாதியை இந்த நடுப்பகுதிக்கே கொடுங்கள். கோல் அடிக்கிற பயிற்சியைப் பிள்ளைகள் சொல்லாமலே செய்வார்கள், இதை யாரும் தானாகச் செய்வதில்லை.

சென்டரும் விங் அட்டாக்கும் கோல் கம்பத்துக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்துக்குள் கால் வைக்க முடியாது, விளிம்பில் நின்றுதான் கொடுக்க வேண்டும். அங்கேதான் ஆட்டம். உயரமான ஷூட்டருக்கு நெஞ்சுக்கு நேரே கொடுத்தால் அவளுடைய உயரத்தை நீங்களே வெட்டி எறிந்த மாதிரி, ஏனென்றால் எதிரணி கீப்பரின் கை அந்த மட்டத்தில்தான் காத்திருக்கும். பந்து தலைக்கு மேலே, கீப்பர் நிற்காத பக்கமாக இறங்க வேண்டும். ஷூட்டர் பிடித்த பிறகு பந்தைக் கீழே இறக்கவே கூடாது, பிடித்த இடத்திலிருந்தே மேலே தள்ள வேண்டும். இறக்கி ஏற்றுகிற பழக்கம் போக எங்கள் பிள்ளை ஒருத்திக்கு ஒரு தவணை முழுவதும் எடுத்தது. நான் பக்கத்தில் விளக்குமாற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பந்து அதற்குக் கீழே வந்தால் தட்டிவிடுவேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்தது.

அப்புறம் சென்டர் பாஸ், அதாவது ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவிலிருந்து சென்டர் எறிந்து ஆட்டத்தைத் தொடங்குவது. யார் கோல் போட்டாலும் அது மாறி மாறித்தான் வரும், அதனால் உங்கள் பாஸ் எல்லாவற்றையும் கோலாக்கினாலும் எதிரணியும் அதையே செய்தால் ஆட்டம் இழுபறிதான். முன்னுக்குப் போக எதிரணியின் பாஸில் பந்தைப் பறிக்க வேண்டும். அதனால் கோல் எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு 15 நிமிடக் கால்பகுதியிலும் எத்தனை பந்து பறித்தோம், எத்தனை விட்டோம் என்று ஒரு கொப்பியில் கோடு போட்டு வையுங்கள். இடைவேளையில் பிள்ளைகளிடம் அந்தக் கொப்பியைக் காட்டினால் போதும், கத்த வேண்டியதில்லை.

தடுக்கிற பிள்ளைகளுக்கு மூன்று அடி தூரம் உடம்பில் ஊற வேண்டும். பந்து வைத்திருப்பவளை அதைவிட நெருங்கி நின்று மறித்தால் நடுவர் விசில் ஊதுவார், தவறு செய்தவள் பந்து எறிகிறவளுக்குப் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டியதுதான். வட்டத்துக்குள் அப்படி நடந்தால் ஷூட்டர் அவளுடைய மறிப்பு இல்லாமல் நேராகக் கோலுக்கு அடிக்கலாம். தரையில் சுண்ணாம்பால் மூன்று அடியைக் கீறி, கோட்டுக்குப் பின்னால் நின்றே கையை நீட்டிக் குதிக்கப் பழக்குங்கள்.

வெல்கிற ஏழு பேரையே தொடர் முழுக்க இறக்காதீர்கள், தயவுசெய்து. சின்ன ஆட்டங்களில் மற்றப் பிள்ளைகளுக்கும் ஒரு கால்பகுதி கொடுங்கள். அரையிறுதியில் கணுக்கால் பிரண்டால் உள்ளே போகிறவள் அன்றைக்குத்தான் முதல் தடவை பந்தைத் தொடுபவளாக இருக்கக் கூடாது.

கடைசியாக, பையில் ஒரு நகவெட்டி. ஆட்டத்துக்கு முன் நடுவர் விரல்களைப் பார்ப்பார், நீள நகத்தோடு இறங்க விடமாட்டார். இறுதி ஆட்டத்தன்று காலை பார்த்து, அணியில் ஒருத்தியாவது நீள நகமும் நகப்பூச்சுமாக வருவாள்.